76 வயது அப்பாவுக்கு கொலோனோஸ்கோபி: பெரிய பாக்கெட்டா, சின்ன பாட்டிலா?

செங்கோட்டை_சங்கர் | ஞாயிறு, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். வருகிற வியாழன் காலை 11 மணிக்கு அப்பாவுக்குத் திருநெல்வேலியில் கொலோனோஸ்கோபி, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனை. வயது 76. இரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.2-க்கு இறங்கிவிட்டது, மலத்தில் இரண்டு தடவை இரத்தம் பார்த்தோம் என்று அம்மா சொன்னார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற கிரியாட்டினின் 1.6.

டாக்டர் சீட்டில் எழுதியது பவுடர் பாக்கெட். 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மருந்துக் கடையில் அது இல்லை. "சார், இதுவும் அதே வேலைதான் செய்யும், பெரியவர் 2 லிட்டர் எங்கே குடிப்பார்?" என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். லேபிளில் சோடியம் பாஸ்பேட் என்று இருக்கிறது. அப்பா பாட்டிலைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். எனக்குத்தான் உறுத்துகிறது. இரண்டும் பேதி மருந்துதானே, எதைக் கொடுத்தால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_அக்கா | ஞாயிறு, காலை 9.58

தம்பி, அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். முதலில் அதை அப்பா கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

25 வருஷம் எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். காரணத்தை டாக்டர்கள் யாராவது வந்து விளக்கமாகச் சொல்வார்கள். வயதானவருக்கு, அதுவும் 1.6 கிரியாட்டினின் உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம். சீட்டு எழுதிய டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, வேறு கடையில் பாக்கெட்டைத் தேடுங்கள்.

இன்னொன்று. இரத்தம் குறைவு என்றால் இரும்புச் சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்குமே? அதை ஐந்து நாளிலிருந்து ஏழு நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வது வழக்கம். மலம் கருப்பாகப் பிசின் மாதிரி குடல் சுவரில் அப்பிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது. யாரும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே கேட்டு நிறுத்துங்கள்.

கரிசல்_பெரியவர் | ஞாயிறு, காலை 10.30

எனக்கு 71. எங்கள் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விளக்கெண்ணெய். விடியற்காலையில் அரை டம்ளர், பின்னாலேயே சூடாகக் கடுங்காப்பி. மத்தியானத்துக்குள் வயிறு கழுவிவிட்ட குடம் மாதிரி ஆகிவிடும். சாயந்தரம் ரசம் சாதம். இல்லையென்றால் நிலாவாரை இலை. அது எங்கள் திருநெல்வேலிச் சீமைப் பயிர். தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறி உலகம் பூராவும் போனது. அதை விட்டுவிட்டு பாக்கெட், பாட்டில் என்று அலைகிறீர்களே?

குடல்_மருத்துவர் | ஞாயிறு, காலை 11.15

இந்தத் துறையில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். சங்கரின் அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆகவே நான் சொல்வதை அவருடைய டாக்டரிடம் போய்க் கேட்கிற கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரியவருக்கு. நிலாவாரை நிஜமான மருந்துதான். வெளிநாட்டு மருந்து நூல்களில் அதற்கு டின்னவெல்லி சென்னா என்றே பெயர், உங்கள் ஊர்ப் பெயர்தான். அதன் சத்தை மாத்திரையாக இன்றும் சில இடங்களில் பெரிய மருந்தோடு துணைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் மலச்சிக்கல் தீருவது வேறு, குடல் சுவரில் 5 மில்லிமீட்டர் கட்டி கண்ணில் படுகிற அளவுக்குச் சுத்தமாவது வேறு. விளக்கெண்ணெய் குடித்துவிட்டு வந்தவர்களின் குடலைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திருப்தி, எனக்கு இல்லை.

இப்போது பாட்டில். சோடியம் பாஸ்பேட் உப்புச் செறிவு மிகுந்த திரவம். உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துத்தான் அது வேலை செய்கிறது. கூடவே பாஸ்பேட் இரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்த பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் படிகமாகத் தங்கிவிடும். சிலருக்கு அந்தச் சேதம் நிரந்தரம். அன்றைக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதில் மோசம். பல வாரம் கழித்து கிரியாட்டினின் ஏறியிருக்கும், யாரும் இதோடு முடிச்சுப் போட மாட்டார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 டிசம்பரில் இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. அங்கே சீட்டு இல்லாமல் விற்ற பாட்டில் அப்போதே திரும்பப் பெறப்பட்டது. 55 வயது தாண்டியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சில பிரஷர் மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்று அதில் இருக்கிறது. சங்கரின் அப்பா எத்தனை கட்டத்தில் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

பாக்கெட்டில் இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக், உப்புகளோடு சேர்ந்தது. பெரிய மூலக்கூறு, குடல் அதை உறிஞ்சுவது இல்லையென்றே சொல்லலாம். தான் பிடித்து வைத்த தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். உப்பு அளவு உடம்பின் அளவுக்கு ஒத்துப் போகும்படி கலந்திருப்பதால் உள்ளிருந்து நீரும் பெரிதாகப் போகாது, வெளியிலிருந்தும் வராது. மேலே ஊற்றினால் கீழே வருகிற குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1980 வாக்கில் வந்த சூத்திரம், இன்றும் சிறுநீரகம், இதயம், கல்லீரல் பலவீனமானவர்களுக்கு முதலில் நினைக்க வேண்டியது இதுதான். குறை ஒன்றே ஒன்று. குடிக்க வேண்டும்.

செங்கோட்டை_சங்கர் | ஞாயிறு, காலை 11.50

நன்றி டாக்டர். ஒரு சந்தேகம், தவறாக நினைக்காதீர்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பது கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்டிருக்கிறார்.

அப்பாவின் மாத்திரைகள்: மெட்பார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்ட்டன் ஹெச், ஆஸ்பிரின் 75. மூட்டு வலிக்கு அவ்வப்போது ஒரு மாத்திரை. அது என்ன மாத்திரை என்று அவருக்கே தெரியாது, மேலத்தெரு கடையில் வாங்குவார்.

குடல்_மருத்துவர் | ஞாயிறு, மதியம் 12.20

கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இருமல் மருந்தில் கலந்து குழந்தைகள் இறந்ததாகச் செய்திகளில் அடிபட்டது டைஎத்திலீன் கிளைக்கால். இரண்டும் விஷம். பாலிஎத்திலீன் கிளைக்கால் வேறு பொருள். பெயரின் வால் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரைப் பட்டியல்தான் எனக்குக் கவலை. டெல்மிசார்ட்டனுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த 'ஹெச்' சிறுநீர் பிரிய வைக்கும் மருந்து. பேதியாகிற நாளில் அதுவும் சேர்ந்தால் தலைசுற்றிக் கீழே விழுவார். புதன், வியாழன் அதைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். கிளிமிபிரைடைச் சாப்பாடு இல்லாத நாளில் வழக்கம் போலக் கொடுத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும், அதையும் கேளுங்கள். பெயர் தெரியாத வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். அது சிறுநீரகத்துக்கு எந்த நாளிலும் நல்லதல்ல. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

1.6 என்றால் "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும். 76 வயது ஆணுக்கு அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் 44 பக்கம் வரும். மெலிந்த பாட்டிகளின் கதை இன்னும் ஏமாற்று. தசை இல்லாததால் கிரியாட்டினின் 1.1 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். 78 வயதுப் பெண்ணுக்கு அது 50 சுற்றித்தான்.

டொராண்டோ_தீபன் | ஞாயிறு, மதியம் 1.05

இங்கே கனடாவில் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 79 வயது, சிறுநீரகம் நல்லம். தந்தது பிக்கோ சாலக்ஸ், சின்னச் சின்ன இரண்டு சாஷே. ஒவ்வொன்றையும் அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் சரி. தோடம்பழ ருசி. அம்மா சந்தோசமாகக் குடித்தா. அதற்குப் பிறகு நிறையத் தண்ணி குடிக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. அம்மா சொன்ன சொல் தட்டாத ஆள். வெறும் தண்ணி மட்டும் மூன்று லீற்றருக்கு மேல். நாங்களும் "குடியுங்கோ, குடியுங்கோ" என்று பக்கத்தில் நின்றோம்.

விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பி, யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றடி லைட்டை ஏன் நிப்பாட்டினாய் என்று என்னைக் கேட்டா. பகிடி என்று நினைத்தேன். பிறகு என்ரை பெயர் வரவில்லை. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம், இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 121-க்கு இறங்கியிருந்தது. மூன்று நாள் அங்கேயே. இப்ப நல்ல சுகம்.

பிறகுதான் தேடி வாசித்தேன். இங்கே ஒன்ராறியோவிலேயே 65 வயதுக்கு மேற்பட்ட ஆட்களை வைத்து ஆராய்ந்திருக்கினம். பெக் குடித்தவர்களைவிட இந்த சோடியம் பிக்கோசல்பேட் குடித்தவர்களுக்குச் சோடியம் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவது கூட. மொத்த எண்ணிக்கை சிறிசுதான். ஆனால் அந்தச் சிறிய எண்ணிக்கைக்குள் அம்மா விழுந்துவிட்டா.

குடல்_மருத்துவர் | ஞாயிறு, மதியம் 1.40

தீபன் சொன்னது அப்படியே புத்தகத்தில் போட வேண்டிய கதை. பிக்கோசல்பேட் குடலைத் தூண்டும், கூட இருக்கும் மக்னீசியம் நீரை இழுக்கும். போகிற நீரோடு உப்பும் போகிறது. நீங்கள் திருப்பி ஊற்றியது வெறும் தண்ணீர். இந்த மருந்து குடிப்பவர்கள் உப்புச் சேர்ந்த திரவங்களையும் கலந்து குடிக்க வேண்டும்: வடிகட்டிய ரசம், தெளிந்த சூப், ஓ.ஆர்.எஸ். சிறுநீரகம் பலவீனமானால் மக்னீசியமும் தங்கிவிடும், ஆகவே சங்கர் அப்பாவுக்கு இதுவும் சரிப்படாது.

சல்பேட் உப்புக் கரைசல் என்று இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்றது. அரை லிட்டராகக் கலந்து இரண்டு தவணை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு லிட்டர் தண்ணீர். நன்றாகவே சுத்தம் செய்கிறது, உடம்பு திடமான 60, 65 வயதுக்காரர்களுக்குத் தயங்காமல் எழுதுவேன். 44 வடிகட்டும் திறனுக்கு எழுத மாட்டேன்.

மலர்_கோவை | ஞாயிறு, மாலை 4.10

எல்லாரும் பெக் பெக் என்கிறீர்கள். ஒரு வார்த்தை நானும் சொல்கிறேன். என் மாமியாருக்குப் பார்க்கின்சன், வயது 74. போன வருஷம் அதே 2 லிட்டர் பாக்கெட். பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று தாளில் போட்டிருந்தது. நாலாவது டம்ளரில் வாந்தி. ஐந்தாவதில் அழுதார். "என்னைக் கொன்னுட்டுப் போங்க" என்றார். பாதியோடு நிறுத்தி மறுநாள் கூட்டிப் போனோம், உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம், மயக்க மருந்து, விடுப்பு எல்லாம் வீண். பாதுகாப்பான மருந்து என்று பெயர், குடிக்க முடியாவிட்டால் அந்தப் பாதுகாப்பை வைத்து என்ன பண்ணுவது?

வார்டு_அக்கா | ஞாயிறு, மாலை 4.45

மலர், நியாயமான கோபம். ஆனால் தப்பு மருந்தில் பாதிதான், மீதி அந்தப் பத்து நிமிஷக் கணக்கில். அது நாற்பது வயது ஆளுக்குச் சரி. வயதானவர்களுக்கு நான் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அதுவும் முக்கால் டம்ளர் என்றுதான் கொடுப்பேன். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் அரை மணி நேரம் நிறுத்தி, நடக்க வைத்து, மறுபடி ஆரம்பிப்பேன். காலையிலேயே கரைத்து பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஜில்லென்று இருந்தால் அந்த உப்புக் கசப்பு பாதி தெரியாது. ஸ்ட்ரா போட்டு நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சச் சொல்ல வேண்டும். வடிகட்டிய எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடலாம். சர்க்கரை போடக்கூடாது, பலர் பாசத்தில் போட்டுவிடுகிறார்கள்.

படுத்தபடி குடிக்க வைக்கவே கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நுரையீரலுக்குள் போனால் பெரிய வம்பு.

குடல்_மருத்துவர் | ஞாயிறு, மாலை 5.20

மலர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். குடிக்காத பெக்கைவிடக் குடித்த பிக்கோ மேல், சிறுநீரகமும் சோடியமும் சரியாக இருந்து, பக்கத்தில் கவனிக்க ஆள் இருந்தால். பார்க்கின்சன் உள்ளவர்களை ஒரு நாள் முன்னதாக வார்டில் சேர்த்து மெதுவாகக் கொடுப்பதுதான் என் வழக்கம். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கொடுத்துவிடாதீர்கள், பார்க்கின்சனில் அது நடுக்கத்தைக் கூட்டும். அடுத்த முறை போகும்போது இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

செங்கோட்டை_சங்கர் | ஞாயிறு, இரவு 8.15

பாக்கெட் தென்காசியில் கிடைத்துவிட்டது. டாக்டரிடமும் பேசிவிட்டேன். இரும்பு மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னார். சர்க்கரை மாத்திரைகளும் பிரஷர் மாத்திரையும் எப்படி என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இப்போது வேறு சிக்கல். புதன் சாயந்தரம் ஒரு லிட்டர், வியாழன் அதிகாலை ஒரு லிட்டர் என்கிறார். செங்கோட்டையிலிருந்து நெல்லைக்குக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அதிகாலையில் குடித்துவிட்டு அந்த ரோட்டில் எப்படி வருவது? இரண்டு லிட்டரையும் முதல் நாளே குடித்து முடித்துவிட்டால் என்ன?

குடல்_மருத்துவர் | ஞாயிறு, இரவு 8.50

குடிக்கலாம், பலன் குறையும். முதல் நாளே முடித்துவிட்டால் இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த திரவம் இறங்கி, பெருங்குடலின் வலது பக்கத்தில் மெழுகு மாதிரி பூசிக்கொள்ளும். இரத்தம் மெல்ல மெல்லக் குறைகிற வயதானவர்களிடம் நான் முதலில் பார்க்க விரும்புவதே அந்த வலது பக்கத்தைத்தான். பரிசோதனைக்கு ஐந்து மணி நேரம் முன்னால் இரண்டாவது பாதியைத் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும். மயக்க மருந்து டாக்டர் இன்னும் முன்னால் நிறுத்தச் சொன்னால் அவர் பேச்சுதான் கடைசி. முந்தின நாளே ஊருக்கு வந்து லாட்ஜில் தங்குங்கள்.

வார்டு_அக்கா | ஞாயிறு, இரவு 9.05

லாட்ஜ் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஏசி இல்லை, வெஸ்டர்ன் டாய்லெட்! மூட்டு வலிக்காரர் எட்டு தடவை குந்தி எழ முடியாது. கட்டிலிலிருந்து கழிவறை வரை இருக்கிற துண்டு, செருப்பு, பெட்டி எல்லாவற்றையும் ஓரம் கட்டுங்கள், இரவில் விளக்கை அணைக்காதீர்கள், தாழ்ப்பாள் போட விடாதீர்கள். மருந்தால் வந்த கெடுதலைவிட ஓடிப் போய் வழுக்கி இடுப்பு முறிந்த கேஸ்தான் நான் அதிகம் பார்த்தது. தொடங்குவதற்கு முன்பே ஆசனவாயில் வாசலின் தடவிவிடுங்கள். எரிச்சல் வந்தபிறகு தடவிப் பிரயோஜனம் இல்லை.

அம்மாவிடமும் பேசுங்கள். "நாளைக்குப் பட்டினி, இன்றைக்காவது சத்தாகச் சாப்பிடட்டும்" என்று முருங்கைக்கீரை வைத்துவிடுவார்கள். செவ்வாயும் புதனும் கீரை, கொய்யா, தக்காளி விதை, கேழ்வரகு எதுவும் வேண்டாம். இட்லி, குழைந்த வெள்ளைச் சாதம், தயிர் போதும். புதன் மத்தியானத்துக்கு மேல் டாக்டர் சொன்ன மாதிரி தெளிந்த திரவம் மட்டும். பால் சேர்க்காத கட்டன் சாயா குடிக்கலாம். பீட்ரூட் சாறு, சிவப்பு ஜூஸ் கூடாது, உள்ளே இரத்தம் மாதிரி தெரியும். இளநீர் எல்லாருக்கும் நல்லது என்பார்கள். உங்கள் அப்பா சாப்பிடுகிற பிரஷர் மாத்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் பொட்டாசியம் ஏறிவிடும், அதனால் குடம் குடமாக வேண்டாம்.

கரிசல்_பெரியவர் | ஞாயிறு, இரவு 9.30

வெஸ்டர்ன் டாய்லெட் யோசனை நல்ல யோசனை. மற்றதெல்லாம் போகட்டும்.

செங்கோட்டை_சங்கர் | வெள்ளி, காலை 7.20

முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

புதன் மதியமே லாட்ஜுக்கு வந்துவிட்டோம். வெஸ்டர்ன் இருக்கிறது என்று போனில் சொன்னவர்கள் கொடுத்த அறையில் இந்தியன். சண்டை போட்டு மாற்றினேன். ஐந்து மணிக்கு முதல் டம்ளர். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது என்னடா, பல் விளக்கிவிட்டுக் கொப்பளித்த தண்ணீர் மாதிரி" என்றார். அக்கா சொன்ன மாதிரி இருபது நிமிஷம், முக்கால் டம்ளர், ஸ்ட்ரா. ஆறே முக்கால் வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டது, எனக்குப் பயம். தாழ்வாரத்தில் நடக்க வைத்தேன். ஏழு மணிக்கு ஆரம்பித்தது, பத்துக்குள் ஏழு தடவை. அவரே ஓட்டல் பில்லின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் சர்க்கரை பார்த்தேன், 96. கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன்.

காலை ஐந்தரைக்கு இரண்டாவது லிட்டர். இதில்தான் கடைசி இரண்டு டம்ளருக்குக் குமட்டினார், அரை மணி நேரம் விட்டுக் கொடுத்தேன். எட்டு மணிக்கு வந்தது வெறும் வெளிர்மஞ்சள் தண்ணீர், கீழே பொடிகூட இல்லை.

ரிப்போர்ட்டில் குடல் எவ்வளவு சுத்தம் என்று மதிப்பெண் போடுகிற பாஸ்டன் அளவு 8 என்று போட்டிருக்கிறது. பெருங்குடலின் மூன்று பகுதிக்கும் தலா அதிகபட்சம் 3 மதிப்பெண், மொத்தம் 9-க்கு 8 என்றார் டாக்டர். ஒரு மதிப்பெண் குறைந்தது வலது பக்கத்தில்தான். அங்கேதான் 12 மில்லிமீட்டரில் ஒரு தட்டைக் கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி அடுத்த வாரம் வரும்.

அப்பா நேற்று இரவு மூன்று இட்லி சாப்பிட்டார். கிரியாட்டினின் திரும்பப் பார்க்க வேண்டுமா?

குடல்_மருத்துவர் | வெள்ளி, காலை 8.00

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஒரு வாரத்துக்குள் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலத்தில் இரத்தம் கணிசமாக வந்தாலோ வயிற்று வலி, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். கட்டி எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைக்கும்கூட இரத்தம் கசியலாம். இரும்பு மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், மறந்துவிடுவார்கள்.

வார்டு_அக்கா | வெள்ளி, காலை 8.25

அந்தச் சின்ன பாட்டிலை என்ன செய்தீர்கள்?

செங்கோட்டை_சங்கர் | வெள்ளி, காலை 8.40

கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள் அக்கா. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, யாருக்காவது ஆகும் என்று அம்மா பிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறார். எதிர்வீட்டு ஆச்சிக்கு மலச்சிக்கலாம், நேற்றே வந்து கேட்டுவிட்டுப் போனாராம்.

வார்டு_அக்கா | வெள்ளி, காலை 8.41

இப்போதே வீட்டுக்கு போன் போடுங்கள்.